உள்ளிழுத்த ஆமாம்

வடகோடியில் இருக்கும் எங்கள் பக்கத்தில் யாரும் ‘ஆமாம்’ என்று வாய்விட்டுச் சொல்வதில்லை. உதட்டைக் குவித்து ஒரு மிடறு காற்றை உள்ளே இழுப்போம். ஷுப். அவ்வளவுதான். காபி வேண்டுமா? ஷுப். ஆற்றில் பனிக்கட்டி உடையத் தொடங்கிவிட்டதா? ஷுப். உன் அப்பா போய்விட்டாராமே? ஷுப். குளிரில் வாயைத் திறக்கக் கூடாதென்று வந்த பழக்கம் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு சொல்லை வெளியே விடுவதைவிட உள்ளே வாங்கிக்கொள்வது எங்களுக்குச் சுலபமாக இருக்கிறது.

யொன்னா தென்கடற்கரைக்காரி. நோர்செலெ நகரத்து வானொலியை நடத்த வந்தபோது அவளுக்கு இருபத்தெட்டு வயது. முதல் வாரம் சாலைத் துறைக்குப் போன் போட்டு, “மலைப்பாதை நாளைக்குத் திறந்திருக்குமா?” என்று கேட்டிருக்கிறாள். அந்தப் பக்கத்திலிருந்து யாரோ பனித் தண்ணீரில் விழுந்த மாதிரி ஒரு சத்தம். “ஹலோ! ஐயோ, என்ன ஆச்சு? விழுந்துட்டீங்களா?” என்று இவள் கத்த, அந்த மனிதன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “திறந்திருக்கும்னு சொன்னேன்” என்றானாம்.

அந்த மனிதன்தான் ஸ்டூரே. குளிர்காலம் முழுக்கப் பனி வாரும் வண்டி ஓட்டுகிறவன். என் வீட்டுக்கு எதிர்வீடு. நான் அஞ்சல் வண்டி ஓட்டுவதால் அவன் வெட்டிவிட்ட பாதையில்தான் என் பிழைப்பு. அவன் மனைவி சிவ், ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இருபத்தொரு வருஷம் சமையல் செய்தவள். பிள்ளைகள் ஒன்பதாகக் குறைந்ததும் பள்ளியை மூடினார்கள். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் அவளிடம் ஒரு பட்டியல் நீட்டினார்கள்: முதியோர் இல்லம், நாற்றுப் பண்ணை, வானொலியில் நிகழ்ச்சித் தயாரிப்புப் பயிற்சி. சிவ் மூன்றாவதில் விரலை வைத்தாள். நாற்பத்தேழு வயதில்.

“என்னடீ இது?” என்று கேட்டேன்.

“இருபத்தோரு வருஷம் கிழங்கு உரிச்சுக்கிட்டே ரேடியோ கேட்டிருக்கேன். அவங்கள்லாம் எங்கேருந்து பேசுறாங்கன்னு ஒரு தடவையாவது பாக்க வேணாமா?”

போய்ப் பார்த்தாள். பழைய ரயில் நிலையக் கட்டிடத்தில் இரண்டு அறை. உள்ளறைக் கதவு, பள்ளிக்கூடக் குளிரறைக் கதவைவிடத் தடிமன். முதல் நாள் யொன்னா அவளை உள்ளே உட்காரவைத்துக் கதவைச் சாத்தினாள். சிவ் அதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் குரலைத் தாழ்த்திக்கொள்வாள். “ஒண்ணுமே இல்ல அங்க. ஃபிரிட்ஜ் சத்தம் இல்ல, காத்து இல்ல, வெளிய இருக்கிற உலகமே இல்ல. அப்புறம் மெதுவா ஒரு சத்தம் வந்துச்சு. என்னன்னு பாத்தா என் சட்டைக் கை என் உடம்புல உரசுது. கொஞ்சம் கழிச்சு இன்னொண்ணு. அது என் ரத்தம் ஓடுறதுன்னு யொன்னா சொன்னா. நாப்பத்தேழு வருஷமா ஓடுது, இப்பதான் கேக்குறேன்.”

பயிற்சி என்றால் எல்லா வேலையும்தான். கம்பிகளைச் சுருட்டுவது. பாட்டரி மாற்றுவது. வெளியே ஒலிப்பதிவுக்குப் போகும்போது ஒலிவாங்கிக்கு ஒரு ரோமத் தொப்பி மாட்டுவார்கள், காற்று அடிக்காமலிருக்க. அதற்கு ‘செத்த பூனை’ என்று பெயர். அதை வாரிச் சீவி வைப்பது. ஒலிப்பதிவுக் கருவி ஒன்றே ஒன்று. எடுத்ததைக் கணினியில் ஏற்றியதும் அதன் நினைவு அட்டையை அழித்து, அடுத்தவருக்குச் சுத்தமாகக் கொடுத்துவிட வேண்டும். அடுப்பு மேடையைத் துடைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவது என்று பழகியவளுக்கு இதெல்லாம் கஷ்டமே இல்லை.

“காபி போடுறது பயிற்சில கிடையாது, சிவ்” என்றாள் யொன்னா.

“கிடையாதுதான். நீ போட்டத நான் குடிக்க முடியாதே.”

கஷ்டமாக இருந்தது இரண்டு விஷயங்கள். ஒருவர் பேசும்போது நாம் ‘ம்’ கொட்டக் கூடாது. தலையை மட்டும் ஆட்ட வேண்டும். நம் குரல் அவர் குரல் மேல் விழுந்துவிட்டால் பிறகு வெட்ட முடியாது. இன்னொன்று, அந்த வெட்டுவது. பேச்சு கணினித் திரையில் மலைத்தொடர் மாதிரி விரியும். இருமல், எச்சில் விழுங்குவது, மூச்சு வாங்குவது, எல்லாம் அங்கங்கே தனி மேடாகத் தெரியும். “மூச்சு வாங்குறத வெட்டிடு. கேக்குறவங்களுக்கு இளைக்கும்” என்றாள் யொன்னா. முதலில் ஒவ்வொன்றையும் காதில் கேட்டுக் கேட்டு வெட்டிய சிவ், பிப்ரவரிக்குள் கண்ணால் பார்த்தே கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டாள். சின்னதாக, மழுங்கலாக, பனி மூடிய வைக்கோல் போர் மாதிரி இருந்தால் அது மூச்சு. ஒரு மணி நேரப் பேச்சை இருபது நிமிஷத்தில் சுத்தம் செய்துவிடுவாள். கிழங்கில் கண் தோண்டுகிற மாதிரி என்று சிரிப்பாள். அதில் அவளுக்குப் பெருமை இருந்தது. ஏன் இருக்கக் கூடாது?

மார்ச் மாதம் ஸ்டூரேயின் தொண்டையில் இருந்தது என்னவென்று சொல்லிவிட்டார்கள். இலையுதிர் காலத்து மான் வேட்டையிலிருந்தே குரல் கம்மியிருந்தது. அவன் பேசுகிற பேச்சுக்கு அது யாருக்கும் தெரியவில்லை. குரல்வளை முழுவதையும் எடுத்துவிட வேண்டும். ஏப்ரல் இரண்டாம் வியாழக்கிழமை. அதன் பிறகு கழுத்தில் ஒரு துளை வழியாக மூச்சு விடுவான். பேசுவதற்கு ஏதோ ஒரு கருவி பிறகு வைப்பார்களாம். “அது உங்கள் குரலாக இருக்காது. ஆனால் பேசலாம். முடிந்தால் இப்போதே கொஞ்சம் ஒலிப்பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள்” என்றாள் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண்.

“எதுக்கு? நான் என்ன பேசிக் கிழிச்சிருக்கேன், பத்திரப்படுத்துறதுக்கு?” என்றான் ஸ்டூரே காரில் வரும்போது. அந்த வாரத்தில் அவன் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுதான்.

சிவ் ஒரு வழி கண்டுபிடித்தாள். பயிற்சி முடிக்கும் ஒவ்வொருவரும் ஒரு மனிதரைப் பற்றிப் பத்து நிமிஷ நிகழ்ச்சி செய்து கொடுக்க வேண்டும். ‘பனி வாருகிறவன்’ என்று அவள் எழுதிக் கொடுத்தாள். வேலைக்காகக் கேட்கிறாள் என்றதும் ஸ்டூரேயால் மறுக்க முடியவில்லை. வேலை என்றால் அவனுக்கு வேலைதான். அறுவை சிகிச்சைக்கு முந்தின வாரம் வியாழக்கிழமை பிற்பகல், சமையலறை மேசையில், எங்கள் ஊர் வழக்கப்படி காபியில் பாலாடைக்கட்டித் துண்டுகளைப் போட்டு ஊறவைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தான்.

அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். இருபத்தாறு வருஷம் பக்கத்தில் படுத்துத் தூங்கிய மனிதனின் குரல் அவள் தலைக்குள்ளிருந்து வந்தது. காதுக்கு வெளியே இல்லை, உள்ளே. அவன் பேசத் தொடங்கும் முன் நாக்கு அண்ணத்திலிருந்து பிரிகிற சின்னச் சத்தம். ‘சாலை’ என்று சொல்லும்போது குரலில் வருகிற ஒரு தணிவு. கோப்பையைக் கீழே வைத்த பிறகும் விரல் அதிலேயே தயங்குவது. இதையெல்லாம் நான் இத்தனை நாள் கேட்காமல் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று அவள் நினைத்துக்கொண்டாளாம். தலையை மட்டும் ஆட்டினாள். ஒரு ‘ம்’ கூடச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை நகரத்துக்கு எடுத்துப் போனாள். பேச்சைக் கணினியில் ஏற்றினாள். அட்டையை அழித்தாள், பள்ளத்தாக்கில் நடக்கும் பனிச்சறுக்குப் போட்டிக்கு அந்தக் கருவியை எடுத்துப்போக ஆள் காத்திருந்தார். பிறகு பத்து நிமிஷத்துக்கு வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டு, திரையில் மூச்சுகளை வெட்டினாள், வேகமாக, கண்ணால் பார்த்தே. மூலத்தின் மேலேயே ‘சேமி’ என்பதை அழுத்தினாள். பத்து நிமிஷம் நாற்பது விநாடி. யொன்னா கேட்டுவிட்டு, “ரொம்பச் சுத்தமா இருக்கு, சிவ்” என்றாள்.

சனிக்கிழமை மகள் மாலின் வந்திருந்தாள். நகரத்து மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். நானும் போயிருந்தேன், பால்ட் வேகிற வாசனை தெருவைத் தாண்டி வந்தால் நான் போகாமலிருப்பதில்லை. உருளைக்கிழங்கு மாவுக்குள் பன்றி இறைச்சி வைத்துக் கைப்பிடி அளவுக்கு உருட்டிய உருண்டைகள், ஆளுக்கு மூன்று. பிளந்து நடுவில் வெண்ணெய் வைத்து, லிங்கன் என்கிற காட்டுச் சிவப்புப் பழத்துக் குழம்பு ஊற்றிக்கொண்டோம். ஸ்டூரே ஒன்றை மட்டும் சின்னச் சின்னதாக வெட்டி, விழுங்குவதற்கு முன் ஒவ்வொரு முறையும் யோசித்தான். சிவ் மடிக்கணினியை ரொட்டிக் கூடைக்குப் பக்கத்தில் வைத்து ஓடவிட்டாள்.

ஸ்டூரேயின் குரல் வந்தது. நல்ல குரல்தான். முப்பத்து நான்கு குளிர்காலம். வண்டியின் கத்தி எந்தக் கோணத்தில் இறங்க வேண்டும். கருங்குளத்து வளைவில் பனி எப்படிச் சேரும். நாங்கள் எல்லோரும் தட்டைப் பார்த்துக்கொண்டு கேட்டோம். ஆனால் போகப் போக எனக்கு ஏதோ போலிருந்தது. சிவ் கேட்கிறாள்: “தனியா ஓட்டுறது பிடிக்குமா?” பதில் இல்லை. உடனே அடுத்த கேள்வி. “பனிமான் குறுக்க வந்தா நிறுத்துவியா?” பதில் இல்லை. “வீட்டுக்குத் திரும்பறப்போ சந்தோஷமா இருக்குமா?” அதற்கும் இல்லை.

முடிந்ததும் மாலின்தான் முதலில் பேசினாள். “நல்லாருக்கும்மா. ஆனா… இது அப்பா மாதிரி இல்லையே. கோவமா இருக்கிற யாரோ மாதிரி இருக்கு. நீ கேக்குறே, அவர் மூஞ்சியத் திருப்பிக்கிறாரு.”

“அவர் பதில் சொன்னாரே” என்றாள் சிவ்.

“எங்க சொன்னாரு?”

சிவ் எழுந்து நின்றாள். கையில் கரண்டி. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அடுப்பில் எதையோ மறந்துவிட்டு வந்தவள் முகம். மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்து, நடுவில் ஓரிடத்தை ஓடவிட்டாள். இன்னோரிடம். இன்னோரிடம். “மூச்சுன்னு நினைச்சு வெட்டிட்டேன்” என்றாள். “எல்லாத்தையும். அவன் ஆமாம்னு சொன்ன எல்லாத்தையும்.”

இதைத் தென்கடற்கரைக்காரி யொன்னா செய்திருக்க மாட்டாள். அந்தச் சத்தம் வந்த மாத்திரத்தில் இது என்ன என்று திடுக்கிட்டிருப்பாள். எங்களுக்கு அது சத்தமே இல்லை. பதில் காதில் விழுந்துவிடும், சத்தம் விழாது. அதனால்தான் அவளால் கண்ணால் பார்த்து வெட்ட முடிந்தது.

“மறுபடி எடுத்துப் போட முடியாதா?” என்றாள் மாலின்.

“அட்டைய அழிச்சுட்டேன். சேமிச்சதும் இதுதான். வேற இல்ல.”

ஸ்டூரே வெண்ணெயைத் தன் தட்டில் இருந்த பாதி உருண்டைக்குள் வைத்து அழுத்தினான். “அப்படித்தான் இருக்கேனா நான்?” என்றான். கேலியாகத்தான் சொன்னான். ஆனால் சொன்ன பிறகு யாரும் சிரிக்கவில்லை.

மாலின் மெதுவாகச் சொன்னாள்: “வேற குரல் வைப்பாங்க. பேசுவாரு. ஆனா அது… அப்புறம் வாய் வழியா மூச்சே போகாதும்மா. இந்த ஷுப் வராது.”

சிவ்வுக்கு அது அப்போதுதான் உறைத்தது. அவன் குரலைக் காப்பாற்ற வேண்டும் என்றுதானே இருந்தாள்? குரல் அங்கே இருக்கிறது, பத்து நிமிஷம் நாற்பது விநாடி, சுத்தமாக. குரலே தேவைப்படாத ஒரு சத்தம் இல்லாமல் போய்விட்டது. இருபத்தாறு வருஷத்தில் அவன் அவளுக்குச் சொன்னதில் பாதிக்கு மேல் அதுதான். கல்யாணத்துக்குக் கேட்டவள் இவள்தான். உறைந்த ஏரியில் மீன் பிடிக்கப் போட்ட துளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். அவன் தூண்டிலிலிருந்து கண்ணை எடுக்காமல் ஷுப் என்றான். வியாழனுக்கு ஐந்து நாள் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சிவ், யொன்னாவின் வீட்டுக்கே போய்க் கருவியை வாங்கி வந்தாள்.

“ஆமாம்னு சொல்லேன்” என்றாள் ஸ்டூரேயிடம்.

“எதுக்கு ஆமாம்?”

“சும்மா.”

“சும்மா ஆமாம் சொல்றதுக்கு நான் என்ன கட்சிக்காரனா?”

“ஸ்டூரே.”

“சரி.” வாயைக் குவித்து இழுத்தான். சூப்பை உறிஞ்சுகிற மாதிரி வந்தது. இருவருக்குமே தெரிந்தது. இன்னொரு முறை. இன்னும் மோசம். “இது தானா வர்றது. கொட்டாவி மாதிரி” என்றான்.

திங்கட்கிழமை அவள் கேள்விகளாகக் கேட்டுப் பார்த்தாள். அவன் ஆமாம் என்றே ஆக வேண்டிய கேள்விகள். இன்னைக்குத் திங்கக்கிழமையா? இது மேசையா? உன் பேரு ஸ்டூரேயா?

“உனக்குத் தெரியாதா என் பேரு?”

“பதில் சொல்லு.”

“போலீஸ் ஸ்டேஷன்லகூட இவ்வளவு கேக்க மாட்டாங்க.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது. அவன் சிரிக்கப் பார்த்து இருமினான். மூச்சில் ஒரு சீட்டி கலந்து வரத் தொடங்கியிருந்தது. வீக்கம் நாளுக்கு நாள் மூச்சுக்குழாயை இறுக்கிக்கொண்டிருந்தது. அந்தக் கருவியை மேசையில் பார்த்தாலே அவன் உதடு விறைத்துப்போகும். அவளும் அதைக் கீழே வைக்கவில்லை. தண்ணீர் எடுக்கப் போனாலும் கழுத்தில் தொங்கியது. அந்த இரண்டு நாளும் அவர்கள் இயல்பாக ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை என்று சிவ் பிறகு சொன்னாள். “அவனை நான் கேட்டுக்கிட்டே இருந்தேன். ஆனா அவன்கூட நான் இல்ல.”

செவ்வாய்க்கிழமை விடியும்போது பனி கொட்டியது. ஏப்ரல் பனி, ஈரமாக, கனமாக. ஸ்டூரே மருத்துவ விடுப்பில் இருந்தான். மாற்று ஓட்டுநர் தன் வண்டியோடு மேற்கே எங்கோ பள்ளத்தில் சிக்கிக்கொண்டதாகப் போன் வந்தது. ஸ்டூரே மேலங்கியை எடுத்தான்.

“டாக்டர் என்ன சொன்னாரு?”

“பனி விழாதுன்னு சொல்லலையே.”

அவளும் ஏறிக்கொண்டாள், கழுத்தில் கருவியோடு. எஞ்சின் இரைச்சலில் ஒன்றும் எடுக்க முடியாது என்று தெரியும். இருந்தாலும் ஏறினாள்.

அன்று காலை அவன் வெட்டிவிட்ட பாதையில் அவனுக்குப் பின்னால் வந்த மூன்றாவது வண்டி என்னுடையது. முன்னால் பால் லாரி, அதற்கு முன்னால் பள்ளிப் பேருந்து. எனக்குப் பின்னால் எத்தனை என்று எண்ணவில்லை. கருங்குளத்து வளைவில், பேருந்து நிற்கும் ஒதுக்கிடத்துக்குப் பக்கத்தில், பனி வாரும் வண்டி நின்றது. மஞ்சள் விளக்கு சுழன்றுகொண்டிருந்தது. எஞ்சின் அணைந்தது. அவனுக்கு முன்னால் வெட்டாத பனி. தாண்டிப் போக வழியில்லை. காத்திருந்தோம்.

வண்டிக்குள் நடந்ததை சிவ் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கண்ணாடித் துடைப்பான்கள் பாதியில் நின்றன. கண்ணாடியில் பனி படிந்து படிந்து வெளிச்சம் முட்டையோட்டுக்குள் இருக்கிற மாதிரி ஆனது. பழக்கத்தில் அவள் கை பொத்தானை அழுத்தியது, ஹெட்போன் காதுக்குப் போனது. அப்படியொரு அமைதியை அவள் கேட்டதில்லை. அந்தத் தடிமன் கதவு அறையின் அமைதி மனிதர்கள் செய்தது, சுவரில் ஒட்டியது. இது மேலிருந்து இறங்கிக்கொண்டே இருந்தது. சூடு தணிகிற இரும்பு எங்கோ டிக் டிக் என்றது. அதற்கு நடுவே அவன் மூச்சு, சீட்டியோடு. பெரிய இடத்தில் நிற்கும்போது வருகிற ஒரு நடுக்கம் அவளுக்கு வந்தது. இத்தனைக்கும் அது இரண்டு பேர் உட்காரும் ஒரு பெட்டி.

“ஏன் நிறுத்தின?” என்றாள்.

“இங்கதான்” என்றான் ஸ்டூரே.

அவள் தலையை ஆட்டினாள்.

“டிசம்பர்ல. நீ மொதமொதல்ல ரேடியோல வந்தியே, ஸ்கூல் அடுப்பப் பத்தி. ஏழரைக்கு வரும்னு யொன்னா போன்ல சொன்னா. எஞ்சின் ஓடினா ஒண்ணும் காதுல விழாது. அதனால அணைச்சேன். பின்னாடி பதினோரு வண்டி. ஒருத்தன் ஹார்ன் அடிச்சான். கண்ணாடிய இறக்கிக் கைய நீட்டினேன், இருடான்னு.” அவன் நிறுத்தி மூச்சு வாங்கினான். “வீட்டுல கேக்குற குரல் இல்ல அது. யாரோ தெரியாத பொம்பள ஏறி வந்து, இதோ இந்த சீட்ல உக்காந்து, எனக்கு மட்டும் சொல்ற மாதிரி இருந்துச்சு. நான் அசையல. அசைஞ்சா எறங்கிப் போயிடுவாளோன்னு.”

அந்த நிகழ்ச்சியைக் கேட்டுவிட்டு ஊரில் எல்லோரும் அவளிடம் ஏதாவது சொல்லியிருந்தோம். அவன் ஒருவன்தான் வாய் திறக்கவில்லை. அவன் கேட்கவே இல்லை என்று நான்கு மாதமாக நினைத்திருந்தாள் அவள்.

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

“நீ கேக்கலையே.”

“இப்ப கேக்குறேன். நல்லா இருந்துச்சா?”

அவன் அவள் பக்கம் திரும்பினான். கருவியைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தான்.

அந்த நேரம் பார்த்துத்தான் நான் போய்க் கதவைத் தட்டினேன். என்ன செய்வது? எனக்கு எப்படித் தெரியும்? வியாழக்கிழமை அறுவை சிகிச்சைக்குப் போகிற மனிதன், நடுவழியில் எஞ்சினை அணைத்துவிட்டு ஐந்து நிமிஷமாக அசைவில்லை. பால் லாரிக்காரன் தன் கண்ணாடியை இறக்கி, “நீ போய்ப் பாரும்மா, உனக்குத்தான் அவங்களத் தெரியும்” என்றான். முழங்கால் வரை பனியில் மிதித்துப் போய், படியில் ஏறி, கதவைப் பிடித்து இழுத்தேன். மேலேயிருந்த பனிக் குவியல் முழுதும் என் கழுத்துக்குள் விழுந்தது. நான் சொன்ன கெட்ட வார்த்தையை இங்கே எழுத வேண்டியதில்லை.

இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு பேர் கண்ணும் ஈரமாக இருந்தது.

“என்ன, ரெண்டு பேரும் நல்லாத்தானே இருக்கீங்க?” என்றேன்.

ஷுப் என்றார்கள்.

அவ்வளவுதான். நான் கதவைச் சாத்திவிட்டு இறங்கி, லாரிக்காரனுக்குக் கையைத் தூக்கிக் காட்டினேன். எஞ்சின் உறுமியது. கத்தி இறங்கியது. பனி இடப்பக்கம் ஓர் இறக்கை மாதிரி எழும்பிக் காட்டுக்குள் விழுந்தது. நாங்கள் எல்லோரும் அவன் பின்னால் போனோம்.

மறுநாள் மதியம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் வழியில் சிவ் வானொலி நிலையத்தில் நிறுத்தச் சொன்னாள். ஸ்டூரே காரிலேயே இருந்தான். யொன்னா அட்டையைக் கணினியில் போட்டுக் கேட்டாள். சூடு தணிகிற இரும்பு, அமைதி, அவன் பேச்சு, தட்டுகிற சத்தம், கதவு, என் கெட்ட வார்த்தை, என் கேள்வி. பிறகு அது. யொன்னா ஓடவிட்டு நிறுத்தி, மறுபடி ஓடவிட்டாள். திரையில் அந்த ஒரு மேட்டைப் பெரிதாக்கினாள்.

“ரெண்டு பேரும் ஒண்ணா இழுத்திருக்கீங்க” என்றாள்.

“தெரியும்.”

“ஒண்ணு மேல ஒண்ணு சரியா விழுந்திருக்கு. பிரிக்க முடியாது, சிவ். மன்னிச்சுக்க.” கொஞ்சம் பொறுத்துக் கேட்டாள்: “இதுல எது அவர், எது நீ?”

சிவ் ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டாள். இருட்டறையில் துழாவுகிறவள் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு மூன்று முறை கேட்டாள். அந்த நாக்கு பிரிகிற சத்தம் வருகிறதா என்று பார்த்தாள். சீட்டி எங்கே தொடங்குகிறது என்று பார்த்தாள். ஒரே காற்று, இரண்டு பேருக்குள்ளும் ஒரே சமயத்தில் போயிருந்தது. கடைசியில், “தெரியல” என்றாள். அதைச் சொல்லும்போது சிவ்வின் முகம், முதல் நாள் அந்தத் தடிமன் கதவை விட்டு வெளியே வந்தபோது இருந்த மாதிரி இருந்தது என்று யொன்னா என்னிடம் சொன்னாள்.

“முன்னாடி இருக்கிறத மட்டும் சுத்தம் பண்ணிக் குடுக்கட்டுமா? அந்த போஸ்ட்காரி சத்தம், கதவு…”

“எதையும் தொடாத.”

யொன்னா மூன்று இடத்தில் பிரதி எடுத்து வைத்தாள். அட்டையை அழிக்காமல் கருவிக்குள்ளேயே போட்டு, அதையும் ஹெட்போனையும் சிவ்வின் கையிலேயே திருப்பிக் கொடுத்து, வியாழன் வெள்ளி இரண்டு நாளும் வெளி ஒலிப்பதிவு எதுவும் கிடையாது என்று பலகையில் எழுதினாள். இருந்தது என்று எல்லோருக்கும் தெரியும்.

நான் சுற்று முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தேன். வெயில் அடித்தது, நேற்றைய பனி சாலை ஓரங்களில் சாம்பலாக இளகிக்கொண்டிருந்தது. பாலத்துக்கு இந்தப் பக்கம் அவர்கள் கார் எதிரே வந்தது. ஸ்டூரேதான் ஓட்டினான். எப்போதும் போல ஸ்டீயரிங்கிலிருந்து இரண்டு விரலை மட்டும் தூக்கினான். சிவ் என்னைப் பார்க்கவில்லை. நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஹெட்போனைக் கோணலாக மாட்டியிருந்தாள், ஜன்னல் பக்கத்துக் காதில் மட்டும். அவன் பக்கத்துக் காதைத் திறந்து வைத்திருந்தாள்.